ஏழாம் தளத்துச் சீரகத் தண்ணீர்

அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொள்வது இங்குள்ளவர்களின் வழக்கம். சென்ற மாதம் செந்தில் வந்திருந்தபோதும் ஒரு வாக்கியத்தின் நடுவே அப்படித்தான் நிறுத்தினான். நான் பணியாற்றி ஓய்வுபெற்ற கப்பலில் இப்போது அறைப் பணியாளனாக இருப்பவன் அவன். விடுமுறைக்கு ஊர் வந்ததும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்திருந்தான். விமானம் கடந்தபின் வாக்கியத்தின் மறுபாதியைச் சொன்னான்.

“கதவுல மாட்டுற அட்டைய எடுத்துட்டாய்ங்கண்ணே. உள்ள இருந்து பட்டனை அமுக்குனா வெளிய செவப்பு லைட்டு எரியும். தொந்தரவு பண்ணாதன்னு அர்த்தம். அம்புட்டுத்தேன்.”

“அட்டையில என்னப்பா கொறை?”

“லைட்டு காணாமப் போகாதுல்லண்ணே.”

அது உண்மை. பயணிகள் அந்த அட்டைகளை நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். ஆனால் ஓர் அட்டை, ஓர் உலகப் பயணத்தில், ஒரே கதவில் பல வாரங்கள் அசையாமல் தொங்கியது. அதை இறக்குவதற்கு நாங்கள் பட்ட பாட்டைச் செந்திலிடம் சொன்னேன். “எழுதிக் குடுங்கண்ணே, எங்க ஆளுகளுக்கு அனுப்புறேன்” என்றான். எழுதுகிறேன்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். பட்டம் பெற்று, ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்து, அழைப்பு வரும்வரை என்று மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் வரவேற்பாளனாகச் சேர்ந்தேன். அழைப்பு வரவில்லை. விடுதியில் படுக்கை விரிக்க ஆள் குறைந்தபோது அதையும் செய்தேன்; வரவேற்பதைக் காட்டிலும் விரிப்பது எனக்கு நன்றாக வந்தது. மும்பையில் ஒரு நேர்காணல், சென்னையில் மருத்துவச் சோதனை, தீயை அணைக்கவும் உயிர்காப்புப் படகில் ஏறவும் சில நாள் பயிற்சி; பிறகு கப்பல். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவே உண்டு.

எங்கள் கப்பல் ஆண்டுக்கொரு முறை உலகைச் சுற்றப் புறப்படும். தையில் கிளம்பினால் சித்திரை கழிந்துதான் திரும்பும். உலகத்தைப் பலமுறை சுற்றியவர் என்று தெருவில் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். சுற்றியது மெய், பார்த்தேன் என்றால் பொய்யாகிவிடும். பணியாளர் உறங்கும் அறைகள் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தன. அவற்றுக்குச் சன்னல் கிடையாது. பணியிடமோ நீண்ட நடைகூடம். அதற்கும் சன்னல் கிடையாது. எந்த நாட்டைத் தொட்டிருக்கிறோம் என்பதைப் பயணிகளின் செருப்பில் ஒட்டிவரும் மண்ணைக் கொண்டு அறிந்துகொள்வேன். எகிப்து எப்படிப்பட்ட நாடு என்று எவரேனும் கேட்டால், கம்பளத்திலிருந்து உறிஞ்சி எடுப்பதற்கு மிகக் கடினமான மணல் அந்நாட்டு மணல் என்று தயங்காமல் விடை சொல்வேன்.

ஒரு வாரப் பயணி விருந்தாளி. நான்கு மாதப் பயணி குடியிருப்பவர். முதல் மாதம் நம்மைக் கண்டால் நன்றி சொல்வார். இரண்டாம் மாதம் சுவரில் பேரப்பிள்ளைகளின் படத்தை ஒட்டுவார். குளியலறையில் கொடி கட்டித் துணி உலர்த்துவார். மூன்றாம் மாதம் நாம் கதவைத் தட்டினால், முன்னறிவிப்பின்றிப் பெட்டியோடு வந்து நிற்கும் உறவினரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எந்தத் துறைமுகத்திலும் இறங்காத ஒருவரும் இருந்தார். ஏன் இறங்கவில்லை என்று கேட்டதற்கு, “வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது?” என்றார்.

இத்தகையோரின் அறைக்குள் நுழைவதற்கு ஒரு முறை உண்டு. விரல் முட்டியால் மட்டுமே தட்ட வேண்டும், சாவியால் தட்டலாகாது. தட்டியபின் நம் துறையின் பெயரைச் சொல்லி, உள்ளே இருப்பவர் ஒரு துணியைத் தேடிப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் காத்திருந்து மறுபடி தட்ட வேண்டும். உள்ளே சென்றால் முதலில் திரைச்சீலை, அடுத்துக் குப்பை, அதன்பின் படுக்கை, கடைசியில் குளியலறை. இந்த வரிசை மாறக் கூடாது. மாலையில் இரண்டாம் முறை சென்று, போர்வையின் ஒரு மூலையை விலக்கி வைத்து, துவாலையால் யானையோ குரங்கோ அன்னமோ செய்து கட்டிலில் அமர்த்திவிட்டு வர வேண்டும். அன்னத்தைப் பற்றிக் கல்லூரியில் எவ்வளவோ படித்திருந்தேன். அதன் கழுத்து நிமிர்ந்து நிற்கத் துவாலையில் சற்றே ஈரம் இருக்க வேண்டும் என்பதைக் கப்பலில்தான் கற்றேன்.

எங்கள் பிரிவின் தலைவி ஆஸ்திரியா நாட்டவர். பிரிகிட்டா என்று பெயர். மற்றத் தலைவர்கள் அறையை நின்றுகொண்டு சோதிப்பார்கள். பிரிகிட்டா அம்மையார் படுத்துக்கொண்டு சோதிப்பார். காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நாங்கள் அரும்பாடுபட்டு விரித்த கட்டிலில் மல்லாந்து படுத்து, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். “பயணி அதிக நேரம் பார்ப்பது கூரையை. நீங்கள் அதிக நேரம் பார்ப்பது தரையை. சிக்கல் இங்கேதான்” என்பார். பிறகு ஒருக்களித்துத் திரும்பி, விளக்கின் அடிப்பகுதியை நெடுநேரம் ஆராய்வார்.

எழுந்ததும் ஒரே சொல்தான் சொல்வார்: நன்றி. அறை செம்மையாக இருந்தால் அது உடனே வரும். இல்லையென்றால் நம் முகத்தைப் பார்த்து, சற்று நிறுத்தி, அதன்பின் வரும். நிறுத்தம் சிறிதானால் கண்ணாடியை மட்டும் மறுபடி துடைக்க வேண்டும். பெரிதானால் அறை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். அந்த நிறுத்தம் முடிவதற்குள் கண்ணீர் விட்டவர்களை நான் அறிவேன். உடனே வந்த நன்றியைக் கேட்டவர் எவரையும் அப்போது அறியேன்.

பயணியிடம் சொல்லக் கூடாதவை என்று இரண்டு சொற்களை அவர் விலக்கி வைத்திருந்தார். ஒன்று, முடியாது. மற்றொன்று, விதி. எதை மறுப்பதானாலும் புன்னகையோடு, காரணம் கூறாமல், வேறொரு பொழுதுக்குத் தள்ளிவைக்க வேண்டும். இந்தப் பாடத்தை நான் மிகவும் சிறப்பாகக் கற்றிருந்தேன். வினை அங்கிருந்துதான் தொடங்கியது.

ஓர் ஆண்டு, நான் மேற்பார்வை செய்த ஏழாம் தளத்தில் ஓர் அறைக்குப் பேரையூர்த் தம்பதியர் வந்தனர். தவமணி அண்ணன் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவர் மனைவி சீனியம்மாள். இங்கிலாந்தில் மருத்துவராக இருக்கும் மகள் அவர்களுக்கு அந்தப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்திருந்தார். பெயர்களைப் பார்த்த மகிழ்ச்சியில் முதல் வேலையாக அந்தக் கதவைத்தான் தட்டினேன். திறந்தவரிடம் தமிழில் வணக்கம் சொன்னதும் அவர் உள்ளே திரும்பினார்.

“ஏங்க, இங்கிட்டு வாங்க. நம்ம ஊரு ஆளு இருக்காக கப்பல்ல.” பிறகு என்னிடம், “உள்ள வாங்க தம்பி. எந்த ஊரு?” என்றார்.

“கீழக்குயில்குடிம்மா. இப்ப வீடு அவனியாபுரத்துல.”

“குயில்குடியில யாரு வீடு?”

சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டால், எவரும் வாய்விட்டுக் கேட்காத மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும். அவருக்கும் கிடைத்தது. முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை.

“கப்பல் பிடிச்சிருக்காம்மா?”

“எங்க ஊருல மழையும் இல்ல, கம்மாயில தண்ணியும் இல்ல. தண்ணின்னா எப்பிடி இருக்கும்னு பாத்துட்டு வாங்கன்னு மக அனுப்பிவிட்டிருக்கா. எம்புட்டுக் கெடக்கு பாருங்க. ஒரு வாய் குடிக்க ஆகாது.”

சொல்லிக்கொண்டே, அறையிலிருந்த மின்கெட்டிலைத் தூக்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தம்ளரில் மஞ்சள் நிறத்தில் தண்ணீரை ஊற்றி நீட்டினார். “குடிங்க தம்பி. சீரகம் போட்டுக் காய்ச்சுனது.”

பயணியின் அறையில் பணியாளர் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது. ஒரு முதியவர் அன்போடு கொடுத்த மிட்டாயை வாயிலிட்ட ஒருவர், அடுத்த துறைமுகத்திலேயே ஊருக்கு அனுப்பப்பட்டதை நான் பார்த்திருந்தேன். எனவே பிரிகிட்டா அம்மையார் கற்பித்தபடி புன்னகை செய்தேன். ஓர் அடி பின்வாங்கினேன்.

“இருக்கட்டும்மா. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிருவோம்.”

சீனியம்மாள் தம்ளரை மேசைமேல் வைத்தார். “சரிங்க” என்றார். ‘தம்பி’ உதிர்ந்துவிட்டதைக் கவனித்தேன். பயணக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று மாலை அந்தக் கதவில் அட்டை ஏறியது. அதன்பின் இறங்கவில்லை.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவன் வயான் என்ற பாலித் தீவினன். அந்தப் பயணத்தின் முடிவில் மேற்பார்வையாளனாக உயர வேண்டியவன். ஊரில் அவன் திருமணப் பேச்சு அந்த உயர்வை நம்பித்தான் நின்றிருந்தது. ஒரு பயணி ஒருவனை நான்கு மாதமும் வாசலிலேயே நிறுத்திவிட்டார் என்றால் உயர்வு கிடையாது. நிறுவனத்தின் கணக்கில் அவ்வளவுதான். சீனியம்மாளோ அழுக்குத் துவாலைகளை நேர்த்தியாக மடித்து வாசலில் வைப்பார், புதியவற்றைக் கை நீட்டி வாங்கிக்கொள்வார், கதவு மூடிக்கொள்ளும். வயான் யானைகளைச் செய்து வாசலிலேயே வைத்துப் பார்த்தான். அவை மறுநாள் காலையில் பிரித்து, நான்காக மடித்து, அழுக்குத் துணியோடு வைக்கப்பட்டிருந்தன.

“நான் என்ன தவறு செய்தேன்?” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டான். பனாமாக் கால்வாயைக் கடப்பதற்குள் அவன் பாதியாக இளைத்துவிட்டான்.

ஓர் அறை தொடர்ந்து பல நாள் திறக்கப்படாமல் இருந்தால், உள்ளிருப்போர் நலமா என்று பிரிவின் தலைவியே நேரில் பார்க்க வேண்டும் என்பது முறை. பிரிகிட்டா அம்மையாரோடு நானும் வயானும் சென்றோம். சீனியம்மாள் கதவைத் திறந்து, என்னைப் பாராமல் ஒதுங்கி நின்றார். அறை கண்ணைப் பறித்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அம்மையார் காலணியைக் கழற்றி, வழக்கப்படி கட்டிலில் மல்லாந்து படுத்தார்.

சீனியம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, அந்தம்மா ஏன் படுத்துருச்சு? கிறுகிறுப்பா?”

“பேசாம இரு. பெரிய ஆபீசர் அவுக.”

“ஆபீசர்னா அடுத்தவுக கட்டில்லயா படுப்பாக?”

அம்மையார் கூரையைப் பார்த்தார், விளக்கின் அடியைப் பார்த்தார், எழுந்தார். “நன்றி” என்றார். இடையில் நிறுத்தமே இல்லை. அத்தனை ஆண்டுப் பணியில் நான் முதன்முதலாகக் கேட்ட அந்த நன்றி, சம்பளம் வாங்காத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. வயான் சுவரில் சாய்ந்துகொண்டான். அவனைச் சாய்த்தது அந்தச் சொல் மட்டும் அன்று. மேசைமேல் துவாலையால் செய்த ஒரு காளை நின்றிருந்தது. கொம்பும் திமிலும் வைத்து, வாடிவாசலைத் தாண்டி அப்போதுதான் வெளியே பாய்ந்ததுபோல் இருந்தது. அவன் செய்த யானையைப் பிரித்துப் பார்த்தே அந்த வித்தையைச் சீனியம்மாள் கற்றிருந்தார்.

மறுநாள் காலை தவமணி அண்ணனை மேல்தளத்தில் கண்டேன். பசிபிக் பெருங்கடலின் நடுவே குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“தம்பி, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்கிராதீக. அவளுக்கு அந்தப் பையன் மேல கோவம் இல்ல.”

“பின்ன யாரு மேலண்ணே?”

“ஒங்க மேலதேன். மொத நாளு தண்ணி குடுத்தா. குடிக்கலையில்ல?”

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்யாத ஆண்டைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

“எங்க அப்பா அம்மா வேலைக்கிப் போன வீடுகள்ல எங்களுக்குத் தனிக் குவளை. அது அந்தக் காலம், விடுங்க. பிற்பாடு நான் கரெண்டு ஆபீசுல சேந்து, மாடி வீடு கட்டி, ஊரையே கூப்புட்டோம். எல்லாரும் வந்தாக. வாசல்ல நின்னாக. ‘இருக்கட்டும், இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிருவோம்’னு போயிட்டாக. ஒருத்தர்கூட மொகத்தைச் சுளிக்கல தம்பி. நல்லாச் சிரிச்சாக. நீங்க சிரிச்ச மாதிரியே.”



“இது கப்பல் ரூல்ஸ்ண்ணே. குடிச்சா வேலை போயிரும்” என்றேன்.

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எனக்குத் தெரியுது. அவகிட்ட எடுபடாது. ஒருத்தருக்கு வயித்து வலி, ஒருத்தருக்கு விரதம், ஒருத்தர் அப்பத்தேன் சாப்புட்டுட்டு வந்தாக. கப்பல் ரூல்ஸ் ஒன்னுதேன் பாக்கி இருந்துச்சு. அதையும் நீங்க சொல்லிட்டீக.”

“அப்ப என்னதாண்ணே பண்றது?”

“குடிச்சாத்தேன் நம்புவா.”

குடித்தால் எனக்கு வேலை இல்லை. குடிக்காவிட்டால் வயானுக்கு உயர்வு இல்லை. அதற்கும் மேலாக, அவர்கள் வாசலில் சிரித்துவிட்டுப் போனவர்களின் வரிசையில் நானும் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடம் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே பிரிகிட்டா அம்மையாரின் அலுவலகத்துக்குச் சென்றேன். கீழக்குயில்குடியையும் பேரையூரையும், தனிக் குவளையையும் ‘இன்னொரு நாள்’ என்பதன் வரலாற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். என் கல்லூரித் தேர்வுகளில்கூட அவ்வளவு நீண்ட விடையை நான் எழுதியதில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“அந்தத் தண்ணீரின் நிறம் என்ன?”

“மஞ்சள், அம்மையே.”

“வாசனை உண்டா?”

“உண்டு.”

“பயணியின் அறையில் தண்ணீர் மஞ்சளாக, வாசனையோடு இருக்கிறது என்று புகார் வந்தால் மேற்பார்வையாளர் என்ன செய்ய வேண்டும்?”

“உடனே நேரில் சென்று, சுவைத்துப் பார்த்துத் தெரிவிக்க வேண்டும். ஆனால் யாரும் புகார் செய்யவில்லையே?”

“நீங்கள் இப்போது செய்தீர்கள்” என்று எழுந்து, தம் சட்டையை நேர்செய்துகொண்டார். “புகார் கடுமையானது. நானும் வருகிறேன்.”

நடைகூடத்தில் இருந்த வயானும் எங்கள் பின்னால் வந்து நின்றான். கதவைத் தட்டினேன். காத்திருந்தேன். மறுபடி தட்டினேன். சீனியம்மாள் திறந்தார்.

“அம்மா, குடிக்கத் தண்ணி குடுங்க” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். “இன்னிக்கித்தேன் அந்த இன்னொரு நாளா?”

“ஆமாம்மா.”

உள்ளே வரச் சொல்லிவிட்டுத் தம்ளரில் ஊற்றினார். எங்கள் பக்கத்தில் பிறர் வீட்டுத் தம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார்கள். அதை மரியாதை என்று சொல்லிக்கொள்வதும் உண்டு; மரியாதைக்கு நேர்மாறான காரணத்துக்காக அப்படிக் குடிப்பதும் உண்டு. சீனியம்மாளின் கண்கள் என் கையின் மேலேயே இருந்தன. நான் தம்ளரை உயர்த்தவில்லை. வாய் வைத்துக் குடித்தேன். தண்ணீர் அப்போதுதான் கொதித்து இறங்கியது என்பது முதல் மடக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வாசலில் நின்றவர்களின் வரலாறு தெரிந்தபின் நடுவில் எப்படி நிறுத்துவது? நாக்கும் தொண்டையும் வேக, கண்ணில் நீர் பெருக, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.

“ஆத்திக் குடிய்யா” என்றார் சீனியம்மாள். மரியாதைப் பன்மை மறைந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. “கப்பல் என்ன முங்கவா போகுது?”

அடுத்து அம்மையாரின் முறை. காலணியைக் கழற்றிவிட்டு, கட்டிலின் விளிம்பில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, ஆற்றிப் பருகினார். தம்ளரை வைத்தார். சீனியம்மாளைப் பார்த்தார். நெடுநேரம் நிறுத்தினார். “நன்றி” என்றார்.

“எதுக்கு இம்புட்டு நேரம் முழிக்குது?”

“நிறுத்திச் சொன்னா மறுபடியும் செய்யணும்னு அர்த்தம்மா.”

“அம்புட்டுத்தானா?” என்று சீனியம்மாள் இன்னொரு தம்ளர் ஊற்றி நீட்டினார். அம்மையார் அதையும் குடித்தார். இம்முறை நன்றி உடனே வந்தது.

அதன்பின் சீனியம்மாள் கதவிலிருந்த அட்டையைக் கழற்றி, மேசையில் சூடு படாதிருக்கக் கெட்டிலுக்கு அடியில் வைத்தார். “வெளிய நிக்கிற அந்தப் புள்ளைய வரச் சொல்லு. துண்டுல காளை செய்யத் தெரியுமான்னு கேளு” என்றார். வயான் அன்று மாலை செய்த காளை, திமில் இருக்க வேண்டிய இடத்தில் தும்பிக்கையோடு இருந்தது. ஆனால் அது பிரிக்கப்படாமல் கட்டிலிலேயே நின்றது.

எஞ்சிய பயணத்தில் வாரந்தோறும் அந்த அறையின் தண்ணீரைப் பற்றி ஒரு புகார் பதிவாயிற்று. வாரந்தோறும் நானும், பெரும்பாலும் அம்மையாரும், கடமை தவறாமல் சென்று சுவைத்தோம். நாளடைவில் சீடை, முறுக்கு ஆகியவற்றைப் பற்றியும் புகார் எழுந்தது. பயண முடிவில் தம்பதியர் வயானுக்கு முழு மதிப்பெண் கொடுத்தனர். அவன் மேற்பார்வையாளன் ஆனான், திருமணமும் முடிந்தது. தலைமை அலுவலகத்துக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. இத்தனை புகார் செய்த பயணியர் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பது எப்படி? பெருந்தன்மையான மனிதர்கள் என்று முடிவு செய்து ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். அவர் அடுத்த பயணத்தில் மூன்று துறைமுகங்களுக்கு எங்களோடு வந்து, சீசாக்களில் தண்ணீர் பிடித்துச் சோதித்து, குறை ஒன்றும் காணாமல், அதனாலேயே ஐயம் மிகுந்து, ஏழாம் தளத்தின் இடப்பக்கக் குழாய்கள் அனைத்தையும் மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றினார்கள். பிரிகிட்டா அம்மையார் பொறியாளரின் கையைக் குலுக்கி, சற்றே நிறுத்தி, நன்றி சொன்னார்.

இதையெல்லாம் கேட்ட செந்தில், அந்தம்மாவை நானும் பார்க்க வேண்டும் என்றான். சென்ற ஞாயிறன்று இருவரும் பேரையூருக்குப் பேருந்தில் போனோம். வெயில் ஏறியிருந்தது. சீனியம்மாள் அக்கா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மேசைமேல் சீரகத் தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது. அதன் அடியில், ஓரமெல்லாம் கருகிய எங்கள் கப்பல் அட்டை.

செந்தில் என் காதருகே குனிந்தான். “காணாமப் போன அட்டை இதுதானாண்ணே?”

அக்கா தம்ளர்களோடு வந்து ஊற்றிக் கொடுத்தார். செந்தில் வாங்கி, வாய் வைத்துக் குடித்தான். நானும் குடித்துத் தம்ளரை வைத்தேன்.  சொல்ல வந்த நன்றி உடனே வெளிவரவில்லை.

அக்கா இடுப்பில் கையூன்றி என்னைப் பார்த்தார்.

“என்ன, இம்புட்டு நேரம் நிறுத்துற? மறுபடியும் ஊத்தணுமா?”